வலப்பக்கம் விழுந்த பூ

கோயில் வாசலில் இரண்டு கற்குவியல்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. இரண்டும் ஓர் ஆள் உயரம். திரையில் அவற்றைப் பார்த்ததும் மரகதத்துக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதியவள் அவள். இந்தக் குவியல்களை அவள் எழுதவில்லை.

"யாரு வெச்சது இதை?"

"நாம வெக்கலைக்கா. உள்ள ஒருத்தி வெச்சிருக்கா. வேரின்னு பேரு," என்றாள் ரிஸ்வானா. வாயில் கடலை மிட்டாய். "நாப்பது வருஷமா தினம் ஒரு கல்லு. நமக்குப் பத்து நாள்."

கோவை சரவணம்பட்டியில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், அவர்கள் உலகம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஆழிநாடு' என்ற விளையாட்டுக்குள் நுழைகிறவர்கள் தெய்வத்தின் தூதர்களாக ஊர் ஊராகப் போவார்கள். அங்கே வாழும் நீண்ட காதுக்காரர்கள் அவர்களை நம்பி வேலை சொல்வார்கள், வழி காட்டுவார்கள், சண்டைக்குத் துணை கேட்பார்கள். விளையாடுகிறவர்கள் அவர்களை எல்ஃப் என்பார்கள். மரகதம் வைத்த பெயர் நெடுஞ்செவியர். ஐந்நூறு வயது வாழ்கிறவர்கள். மற்ற நிறுவனங்கள் புராணத்தை ஆள் வைத்து எழுதின. முதலாளி சென்னியப்பன் வேறு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு நெடுஞ்செவியருக்கும் மனமும் நினைவும் கொடுத்து, வெளியாட்களுக்குத் திறப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் பள்ளத்தாக்கைப் பூட்டி, உள்ளே வேகமாக வாழவிடுவது. இங்கே ஒரு நாள் என்றால் அங்கே நாலு வருஷம். அவர்களே கல்யாணம் பண்ணி, செத்து, சண்டை போட்டு, புராணத்தை விளைவித்துக்கொள்வார்கள். எழுதின கதையைவிட விளைஞ்ச கதைக்கு ருசி அதிகம் என்பான் சென்னியப்பன்.

விதை போட்டது மட்டும் மரகதம். மலை, ஆறு, இருகரை ஊர்கள், ஒரு பெண் தெய்வம். ஆரம்பப் பேச்சையும் அவள்தான் உட்கார்ந்து பேசிக் கொடுத்தாள். அதனால் பச்சைக் கண்ணும் ஏழடி உயரமுமாக இருந்த அந்த ஜனங்கள் காங்கேயம் பக்கத்துப் பேச்சுப் பேசினார்கள். தெய்வத்தை ஆத்தா என்றார்கள்.

தெய்வம் எப்படிப் பதில் சொல்லும் என்ற கேள்வி வந்தபோது, தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கொடுத்தாள். பூ கேட்பது. சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைத்துக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் ஆம். இடப்பக்கப் பூ விழுந்தால் இல்லை.

"வலது விழுந்தா வெள்ளைக் கல்லு, இடது விழுந்தா கறுப்பு," என்றாள் ரிஸ்வானா. "ஒரே கேள்வி, பதினாலாயிரம் தடவை. ரெண்டு குமியும் ஒரே ஒசரம். அதைப் பாத்துட்டு அவ என்ன முடிவுக்கு வந்திருக்கான்னா, உள்ள யாருமே இல்லையாம். தப்பில்லையேக்கா. பூ விழறது காசு சுண்டற மாதிரி பாதிக்குப் பாதிதான? நீங்கதான அப்பிடி வைக்கச் சொன்னீங்க."

சொன்னவள் அவள்தான். மாடு தொலைந்ததற்கும் மழைக்கும் மாப்பிள்ளைக்கும் நானூறு பேர் கேட்டால் யார் உட்கார்ந்து பதில் சொல்வது?

"என்ன கேக்கறா?"

ரிஸ்வானா ஒலியைக் கூட்டினாள்.

கற்குவியல்களுக்கு நடுவே மெலிந்த, நரை ஓடிய ஒருத்தி நின்றிருந்தாள். கோபமோ கெஞ்சலோ இல்லாத குரல். கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதைப்போல.

"ஆத்தா, தாழூரைத் தெரிஞ்சுதான் முழுக்குனியா?"

இடப்பக்கப் பூ விழுந்தது. அவள் குனிந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தாள்.

மரகதம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

தாழூரை அவள் மறக்கவில்லை. மறந்தவள்போல வேலை செய்தாள், அவ்வளவுதான். பள்ளத்தாக்கு தொடங்கிய மூன்றாம் வாரம், எதிர்பார்த்ததைவிட அதிகக் குழந்தைகள் பிறந்து இயந்திரம் திணறியது. முந்நூறு பேரையாவது குறைக்க வேண்டும் என்றார்கள். சும்மா மறைய வைத்தால் மற்றவர்களின் நினைவு குழம்பும், கதைக்குள் ஒரு காரணம் வேண்டும் என்றார்கள். அவள் ஆற்றைப் பெருக விட்டாள். வரைபடத்தைப் பார்த்து, எந்த ஊர் என்று தேர்ந்தெடுத்தவளும் அவளே. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பிறகு கீழே போய் டீ குடித்தாள். அந்த டீயில் சர்க்கரை அதிகம் என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

உள்ளே அது நடந்து நூற்றெண்பது வருஷம். மேற்குக் கரைக்காரர்கள், ஆத்தா அசந்து தூங்கிவிட்டாள், அந்த நேரத்தில் ஆறு மீறிவிட்டது என்றார்கள். கிழக்குக் கரைக்காரர்கள், ஆத்தா பிரியப்பட்டுத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள் என்றார்கள். தூங்கினாளா அழைத்தாளா என்பதில் இரண்டு கரைக்கும் வெட்டுக்குத்து. வேரியின் மகன் ஆரன் தாழூரில் செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அவள் நூற்று நாற்பது வருஷம் அழுதாள். பிறகு எண்ணத் தொடங்கினாள்.

*

"ரெண்டு கட்சி இருந்தா அது கேம். மூணாவதா ஒருத்தி வந்து சாமியே இல்லைன்னா அப்புறம் கேம் எங்கீங்க்கா?" என்றான் சென்னியப்பன். மரகதத்தைவிட எட்டு வயது சின்னவன். மீட்டிங் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு நாற்காலியில் உட்காருவான். "அவ பேச்சை அம்பது பேர் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. சனிக்கிழமை திறப்பு. தூதர்னு சொல்லிட்டு ஒருத்தன் உள்ள போனா, யாரோட தூதர்னு கேட்டுச் சிரிப்பாங்க."

"அவளை மட்டும் மாத்த முடியாதா?"

ரிஸ்வானா தலையை ஆட்டினாள். "பல்லைப் புடுங்கற மாதிரி ஒருத்தியைப் புடுங்க முடியாதுங்க சார். நானூறு பேர் மனசுலயும் அவ இருக்கா. ஒரு நூலை இழுத்தா சேலையே பிரியும்."

"அப்ப பள்ளத்தாக்கையே மூடிருவோம். வடக்குப் பள்ளத்தாக்கு தயாரா இருக்குது. அங்க ரெண்டு கட்சியும் கொலைவெறியில இருக்கறாங்க. நல்லா வந்திருக்கு." அவன் முகத்தில் வன்மம் எதுவும் இல்லை. முற்றாத பயிரை உழுது மடக்கச் சொல்கிறவன் முகம். "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பாருங்க்கா. அந்தப் பொம்பளை வாயால ஆத்தா இருக்கறான்னு வந்துருச்சுன்னா இதையே திறந்துக்கலாம். இல்லைன்னா மூடிருங்க. மனசுல போட்டுக்காதீங்க, எல்லாம் நம்ம எழுதுனதுதானுங்களே."

மரகதம் தன் இடத்துக்கு வந்து அந்தக் குவியல்களைத் திரும்பத் திரையில் வரவழைத்தாள். வேரி கேட்பது சரியான கேள்வி. அதற்குச் சரியான பதில் ஒன்று உண்டு. உலகத்தில் அது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ரிஸ்வானா, அவ அந்தக் கேள்வியைக் கேட்டா இனிமேல் வலதுதான் விழணும். ஒவ்வொரு தடவையும்."

ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள். "வலதுன்னா, ஆமான்னு அர்த்தம்க்கா."

"தெரியும்."

*

செவ்வாய் காலையில் வந்தபோது உள்ளே மூன்று வருஷம் ஓடியிருந்தது. வெள்ளைக் குவியல் கறுப்பைவிட உயர்ந்து, சரிந்து, பாதைவரை வந்திருந்தது. வேரி இளைத்திருந்தாள். அவளிடம் இப்போது ஒரு பழக்கம் புதிதாக வந்திருந்தது. பூ விழுந்த பிறகு சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு வேற என்னமோ கேக்கப் போறா," என்றாள் ரிஸ்வானா. "உதடு துடிக்குது பாருங்க. வேகத்தைக் கொறைக்கட்டுமா?"

பள்ளத்தாக்கின் காலம் தளர்ந்து இவர்களுடைய காலத்தோடு சேர்ந்துகொண்டது. மரகதத்தின் கைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. வலது, இடது.

"ஆத்தா, தெரியாமப் பண்ணுனியா?" என்று கேட்டாள் வேரி.

கேள்வியைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கிறாள். மரகதம் இடதை அழுத்தினாள்.

வேரியின் கண்கள் பூவோடு கீழே இறங்கின. தரையைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள்.

"தூங்கிப் போயிட்டியா?"

இடது.

"அவங்களை உன்கிட்டக் கூட்டிட்டுப் போனியா? மேல எங்காச்சும் வெச்சிருக்கறயா?"

மரகதத்தின் விரல் தயங்கியது. வலது என்று சொல்லிவிடலாம். கிழக்குக் கரையே கூத்தாடும், சென்னியப்பன் கைகொடுப்பான், இவளுக்கும் தூக்கம் வரும். ஒரு பொய்யால் எல்லாருக்கும் நல்லது. அப்படி ஒரு பொய்யோடுதான் ஒன்பது வருஷமாக அவள் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். இடதை அழுத்தினாள்.

வேரி உட்கார்ந்துகொண்டாள். "வேற வழி இருந்துச்சா?"

இருந்தது. மூன்று நாள் கடிகாரத்தை நிறுத்திவைத்து, இன்னோர் இயந்திரம் வாங்கச் சொல்லி மன்றாடியிருக்கலாம். கேட்கவே இல்லை. வலது.

"அட," என்றாள் வேரி மெதுவாக. அடுத்த வீட்டுக்காரி செய்த காரியத்தைக் கேள்விப்பட்டவள்போல. பிறகு, "என் பையனுக்கு வலிச்சுதா?" என்றாள்.

மரகதம் ரிஸ்வானாவைப் பார்த்தாள்.

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்? உணர்ச்சியெல்லாம் குடுத்திருக்கோம். ஆனா கடைசி நிமிஷத்துல என்னன்னு பதிவு கிடையாது. தண்ணி மேல வந்ததும் இயந்திரத்துல அவங்க பக்கம் அணைஞ்சுருச்சு."

வலதா, இடதா? தெரியாது என்பதற்கு மூன்றாவது தோள் இல்லை. மரகதம் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வேரி காத்திருந்தாள். உள்ளே மதியம் சாய்ந்தது. இங்கேயும் பகல் நகர்ந்தது. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். பூ விழவில்லை.

வெயில் இறங்கிய பிறகு வேரி எழுந்தாள். "உனக்கே தெரியாதா?" என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. கல் எதையும் எடுக்காமல் நடந்து போனாள்.

*

பாதிக்குப் பாதி. அந்தச் சொல்லை மரகதம் முதலில் கேட்டது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு டாக்டர் வாயிலிருந்து. கணவன் தங்கராசுவுக்கு மூளையில் கட்டி. அறுத்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதி. குலதெய்வத்திடம் பூ கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார்கள் அவன் வீட்டார். கருவறை முன்னால் எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். பூசாரி தீர்த்தம் எடுக்கத் திரும்பியிருந்தார். மரகதம் மட்டும் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். அப்போது வலப்பக்கப் பூ விழுந்து, படியில் உருண்டு, அவள் காலடிக்கு வந்தது.

முந்தானையை இழுத்து அதன்மேல் விட்டாள். ஏன் செய்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. தலையைப் பிளப்பார்களே என்ற பயமா? பிழைத்தும் எழாமல் கிடந்தால் வருஷக்கணக்கில் துடைத்தெடுக்க வேண்டுமே என்ற களைப்பா? அந்த இரண்டில் எது என்று தேடப்போனால் மனம் இப்போதெல்லாம் டீக்கடைக்குப் போய்விடும், சர்க்கரை அதிகம் என்று சொல்லும். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பார்க்க இடப்பக்கப் பூவும் விழுந்தது. மாலைக் குவியலுக்குள் வலத்தோள் காலியாக இருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மன் வேண்டாம்னு சொல்லிருச்சு என்று அறுக்காமல் விட்டார்கள். மூன்று வாரத்தில் தங்கராசு போய்விட்டான். "அம்மன் சொன்னதை மீற முடியுமா அம்மிணி?" என்று மாமியார் அருக்காணி அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆறுதலுக்குத்தான்.

*

அடுத்த எட்டு வருஷம், அதாவது புதனும் வியாழனும், வேரி கோயிலுக்கு வந்தாள், உட்கார்ந்தாள், எதுவும் கேட்காமல் போனாள். "நம்பிக்கை முத்திருச்சு," என்றாள் ரிஸ்வானா. "ஆத்தா இருக்கறான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊரைக் கூட்டிச் சொன்னா முடிஞ்சுது." மரகதம் சென்னியப்பனிடம் அப்படியே சொன்னாள். அவன் கேன்டீன் போண்டாவை அவள் தட்டில் ஒன்று கூடுதலாக வைத்தான்.

தன் குற்றத்தை ஒருத்தியிடம் ஒத்துக்கொண்டதில் அவளுக்குள்ளும் ஏதோ இளகியிருந்தது. அந்தக் குற்றமே நானூறு பேரைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்தபோது, வெட்கம் கெட்ட ஒரு நிம்மதிகூட வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ரிஸ்வானா கூப்பிட்டாள். கையில் மிட்டாய் இல்லை.

"குமியைப் பாருங்க."

இரண்டு குவியல்களும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ஆயிரம் வெள்ளைக் கல்லு கூட இருந்துச்சே?"

"ஒரு மாசமா கூடையில அள்ளி அள்ளி ஆத்துல கொட்டியிருக்கா. யாரும் பாக்காத நேரமாப் பாத்து."

கோயில் முன்னால் இரண்டு கரை ஜனங்களும் கூடியிருந்தார்கள். கையில் ஆயுதம். மேற்குக் கரைக் கிழவர் ஒருவர் கத்தினார். "ஏ வேரி, அம்பது வருஷமா கல்லடுக்கறயே, ஆத்தா என்ன சொன்னா? தூங்குனாளா, கூட்டிட்டுப் போனாளா?"

வேரி குவியல்களைக் காட்டினாள். "நீங்களே பாருங்க. பாதிக்குப் பாதி. உள்ள யாரும் இல்லீங்க. யாரும் தூங்கல, யாரும் கூட்டிட்டுப் போகல. மழை பேஞ்சுது, தண்ணி வந்துச்சு, போயிருச்சு. யாரும் பண்ணல. இதுக்குப் போயி எத்தனை பேரை வெட்டியாச்சு?"

கூட்டத்தில் ஒரு பெண் விம்மி அழுதாள். அவளை எதிர்க்கரைக்காரி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். கிழவர் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அதை மறந்தவராக நடந்தார்.

எல்லாரும் போன பிறகு வேரி சிலையருகே வந்தாள். பூ வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ இருக்கறேன்னு எனக்குத் தெரியும். இவங்களுக்கு வேண்டாம். தெரிஞ்சே முழுக்குனவ ஒருத்தி மேல உக்காந்திருக்கறான்னா இவங்க எப்பிடித் தூங்குவாங்க? புள்ளைகளை ஆத்துப்பக்கம் எப்பிடி விடுவாங்க? எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். நீயும் யார்கிட்டயும் சொல்லாதே."

*

"அவ பொய் சொல்றா," என்றாள் மரகதம். "அவளுக்குத் தெரியும். நான் சொன்னேன், அவ நம்புனா."

சென்னியப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவ மனசுல இருக்கறதை யாருங்க்கா விளையாடுவாங்க? நானூறு பேரு சாமி இல்லைன்னு நிம்மதியா ஆயிட்டாங்க. தூதர்னு போறவனுக்கு மோரைக் குடுத்து அனுப்பி வெச்சுருவாங்க. சண்டையும் போச்சு. நாலு மணிக்கு மூடிருங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா ரிஸ்வானா பண்ணட்டும்."

"வேண்டாம். தெரிஞ்சு பண்றவ நானாவே இருக்கறேன்."

மாடியேறும்போது ரிஸ்வானா சொன்னாள், "நாலு மணிக்கு மூடணும்னுதானக்கா சொன்னாரு? அதுவரைக்கும் எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்லலையே. இயந்திரத்தை முழுசா அவங்களுக்கே விட்டா, அஞ்சு மணி நேரத்துல தொண்ணூறு வருஷம் ஓட்டலாம். ஆனா அந்த வேகத்துல நம்மளால எதையும் பாக்க முடியாது."

"பாக்க வேண்டாம்," என்றாள் மரகதம்.

திரை வெளுத்துப்போய் ஒரே பனிமூட்டமாக ஓடியது. இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூணு ஐம்பத்தெட்டுக்கு ரிஸ்வானா வேகத்தைக் குறைத்தாள். கோயில் கூரை விழுந்திருந்தது. குவியல்கள் கலைந்து புல் மூடிக் கிடந்தன. நாலைந்து நெடுஞ்செவிப் பிள்ளைகள் வெள்ளைக் கல்லையும் கறுப்புக் கல்லையும் பொறுக்கிவைத்து ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு பக்கத்தில்தான் இருந்தது. யாரும் அவர்களைத் தூரப் போகச் சொல்லவில்லை. வேரி எங்கும் தென்படவில்லை. மரகதம் தேடவும் இல்லை.

இந்த முறை ஆறு பெருகவில்லை. நாலு மணிக்கு வெளிச்சம் மட்டும் அணைந்தது.

*

ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அருக்காணியின் அழைப்பு வந்தது.

"பூசை முடிஞ்சுது அம்மிணி. சாப்பிட்டியா? குரல் ஏன் அடைச்சிருக்குது?"

"வேலைங்கத்தை."

"அவனை நெனச்சுட்டயா? என்ன பண்றது, அம்மன் சொன்னதை மீற முடியுமா?"

எப்போதும் போல ஆமாங்கத்தை என்றுதான் சொல்ல வந்தாள். வேரியின் கடைசிச் சொல்லும் காதில் இருந்தது. இருந்தும் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"அத்தை, அன்னிக்கு மொதல்ல வலது பக்கம்தான் விழுந்துச்சு."

ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. என்றைக்கு என்று அத்தை கேட்கவில்லை. எது விழுந்தது என்றும் கேட்கவில்லை.

"அது காத்துல விழுந்தது அம்மிணி," என்றாள் அருக்காணி, நிதானமாக. "நீ முந்தானையை இழுத்து விட்டயே, அதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். காத்துலதான் விழுந்துச்சு. போ, போய் எதாவது சாப்பிடு."

அந்தக் கருவறைக்கு ஜன்னல் கிடையாது.